சிறுதேரும் ரப்பர்க்கொட்டைக் காற்றாடியும்



விளையாட்டுப் பொருளுக்கும் வரலாறு உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரசர்களுக்கு வரலாறு உண்டு, போர்களுக்கு உண்டு, கோயில்களுக்கு உண்டு. ஒரு குழந்தை இழுத்துக்கொண்டு திரியும் மரவண்டிக்கு என்ன வரலாறு? இன்று நாம் பேசப்போவது அந்த மரவண்டியைப் பற்றித்தான். வண்டியைப் பற்றி மட்டும் அன்று. மரத்தால் செய்யப்பட்டு, கயிற்றாலோ கைப்பிடியாலோ காற்றாலோ இயங்கும் சிறு பொறிகளைப் பற்றியும், அவற்றைச் செய்தவர்களைப் பற்றியும், செய்யும் முறையை அவர்கள் எழுதி வைத்தார்களா இல்லையா என்பது பற்றியும் பேசப்போகிறோம். இந்தக் கடைசிக் கேள்வி நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் பாடம் நடத்தும் நமக்குச் சற்று அவசரமான கேள்வி. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தமிழில் விளையாட்டு வண்டிக்கு வயது மிக அதிகம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றம் ஒன்று வருகிறது. பெண்கள் தானியம் உலர்த்துகிறார்கள். கொத்த வந்த கோழியை விரட்டக் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். அந்தக் கனத்த குழை தெருவில் கிடந்து, சிறுவர்கள் உருட்டிவரும் சிறுதேரின் வழியை மறிக்கிறது. நகரத்தின் செல்வத்தைக் காட்டத்தான் புலவர் இதைப் பாடினார். ஆனால் போகிற போக்கில் அவர் சொல்லிவிட்ட ஒரு செய்தி நமக்கு மிக முக்கியமானது. அந்தத் தேருக்குக் குதிரை இல்லை, சக்கரம் மூன்று.

ஏன் மூன்று? நான்கு சக்கர வண்டியை மேடுபள்ளமான தரையில் நிறுத்தினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், வண்டி ஆடும். மூன்று சக்கரமோ எந்தத் தரையிலும் மூன்றும் பதியும். முக்காலி ஆடாமல் நிற்பதும் இதே காரணத்தால்தான். நடை பழகும் பிள்ளைக்கு நம் வீடுகளில் வாங்கிக் கொடுத்த நடைவண்டிக்கும் மூன்றே சக்கரம். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக அந்தக் கணக்கு மாறவில்லை.

அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும், குறுந்தொகையின் 61ஆம் பாட்டிலும் தச்சர் கையால் செய்த சிறுதேர் வருகிறது. ஏறிச் செல்ல முடியாத தேர் அது. கையால் இழுத்தே பிள்ளைகள் இன்பம் அடைகிறார்கள் என்பது குறுந்தொகைப் பாட்டின் செய்தி. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவத்துக்குச் சிறுதேர்ப் பருவம் என்று பெயர் வைத்தார்கள். இன்னும் பழைய காலத்துக்குப் போனால், சிந்துவெளி நகரங்களில் சுடுமண் வண்டிகளும், கயிறு கட்டித் தலையாட்டும் காளைப் பொம்மைகளும் கிடைத்திருக்கின்றன. மரத்தால் செய்தவை மண்ணோடு மண்ணாகிவிட்டன. சுட்ட மண் மட்டும் தப்பியது. மரப்பொறிகளின் வரலாற்றை எழுதுபவர்களுக்குள்ள முதல் தொல்லையே இதுதான். சான்று கரையான் வயிற்றுக்குள் போய்விடுகிறது.

பெரியவர்களுக்கான பொறிகளும் நம் இலக்கியத்தில் உண்டு. கொங்குவேளிர் பாடிய பெருங்கதையில் உதயணன் யானைப் பித்து உள்ளவன். உஞ்சை நகரத்து மன்னன் வீரர்களை உள்ளே ஒளித்துவைத்த பொறியானை ஒன்றைக் காட்டில் விட்டு அவனைச் சிறைபிடிக்கிறான். கிரேக்கர்களின் திராய் நகரத்து மரக்குதிரைக் கதையை அறிந்த மாணவர்கள் இதைக் கேட்டதும் கண்ணை அகல விரிப்பார்கள். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறி இதைவிடச் சுவையானது. சச்சந்தன் என்ற மன்னன், தன் மனைவி விசயையைக் காப்பாற்றப் பறக்கும் மயில் ஒன்றைச் செய்விக்கிறான். துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு என்று மூலப்பொருள்களைப் புலவர் வரிசையாகச் சொல்கிறார். வேலை முடிய ஏழு நாள் ஆயிற்று என்றும் சொல்கிறார். பொறியை ஒரு பக்கம் திருகினால் மயில் மேலே எழும். மறுபக்கம் திருகினால் கீழே இறங்கும்.

அப்படி ஒரு மயில் உண்மையில் பறந்ததா? பறந்திருக்காது என்பதே நம் கருத்து. மனிதர் ஒருவரைச் சுமந்து எழ எவ்வளவு விசை வேண்டும் என்பது இன்றைய பள்ளி மாணவர்களுக்கே தெரியும். ஆனால் அந்தப் புலவர் ஒரு பட்டறையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. பசையையும் மெழுகையும் பட்டியல் போடுபவர் தச்சருடன் பழகியவராகத்தான் இருக்க வேண்டும். மணிமேகலையும் சோழ நாட்டு மண்டபம் ஒன்றைக் கட்டத் தமிழ்க் கைவினைஞரோடு மகத நாட்டவரும், மராட்டத்தவரும், அவந்தி நாட்டுக் கொல்லரும், யவனத் தச்சரும் சேர்ந்து உழைத்ததைச் சொல்கிறது. தொழில்நுட்பம் அன்றும் கடல் கடந்து வந்து போனது.

இனி, எழுதி வைக்கும் விஷயத்துக்கு வருவோம். 11ஆம் நூற்றாண்டில் மாளவ நாட்டை ஆண்ட போஜ மன்னனின் பெயரால் சமராங்கண சூத்திரதாரம் என்ற வடமொழி நூல் இருக்கிறது. அதில் பொறிகளுக்கென்றே ஓர் அத்தியாயம். மரப்பறவை, ஆடும் பாவை, காவல் நிற்கும் மரவீரன் என்று பலவற்றை அது வருணிக்கிறது. ஆனால் செய்முறையை முழுமையாகச் சொல்வதில்லை. அறியாமையால் அன்று, மறைத்து வைப்பதற்காகவே சொல்லாமல் விடுகிறேன் என்று நூலே கூறுகிறது! விளைவு என்ன? நூல் இருக்கிறது, பொறி இல்லை.

மேற்காசியாவில் தியார்பக்கீர் நகரத்து அரசவையில் பணியாற்றிய அல்-ஜஸரி என்ற பொறியாளர் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டார். நீர்க் கடிகாரங்கள், தானே இயங்கும் பாவைகள், நீரிறைக்கும் பொறிகள் ஆகியவற்றை விளக்கி 1206இல் ஒரு நூலை முடித்தார். படம் வரைந்தார், உறுப்புகளின் அளவு சொன்னார், எதை முதலில் செய்வது, எதைப் பிறகு பொருத்துவது என்றும் சொன்னார். அதனால் 1976இல் லண்டனில் அவருடைய கோட்டைக் கடிகாரத்தை நூலைப் பார்த்தே மீண்டும் செய்து ஓட்ட முடிந்தது. இடையில் 770 ஆண்டுகள்!

ஜப்பானிலும் இப்படி ஒருவர் இருந்தார். அங்கே மரப் பற்சக்கரங்களால் இயங்கும் பாவைகளுக்குக் கராகுரி என்று பெயர். தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்தால் விருந்தினரை நோக்கி நடக்கும்; கிண்ணத்தை எடுத்தால் நின்றுவிடும்; காலிக் கிண்ணத்தைத் திரும்ப வைத்தால் வந்த வழியே திரும்பும். சுருள்வில்லுக்கு உலோகம் கிடையாது. திமிங்கிலத்தின் வாயில் உள்ள வளையும் தகட்டைச் சுருட்டி வில்லாக வைத்தார்கள். ஹொசொகாவா ஹன்சோ என்பவர் இந்தப் பாவைகளின் உட்பாகங்களைப் படத்துடன் விளக்கி எழுதிய கராகுரி ஸுயி என்ற நூல் 1796இல் வெளிவந்தது. 20ஆம் நூற்றாண்டில் தேநீர்ப் பாவையை மீண்டும் செய்ய விரும்பியவர்களுக்கு அந்த நூலே வழிகாட்டியது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் தென்னிந்தியாவின் மிகப் புகழ்பெற்ற மரப்பொறியும் உருவானது. மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் புலியைச் சொல்கிறோம். ஆங்கிலேயச் சிப்பாய் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். ஏறக்குறைய உண்மைப் புலியின் அளவுள்ள மரப்புலி அவன் குரல்வளையைக் கவ்வியிருக்கிறது. பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுழற்றினால் சிப்பாயின் இடக்கை எழுந்து தாழும்; அவன் வாயிலிருந்து ஓலம் வரும்; புலியிடமிருந்து உறுமல் வரும். உள்ளே இருக்கும் துருத்திகள் குழல்களுக்குள் காற்றை ஊதுவதால் இந்த ஒலிகள் எழுகின்றன. புலியின் விலாவில் ஒரு கதவு. திறந்தால் 18 கட்டைகள் கொண்ட சிறிய இசைக்கருவி. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்ட பிறகு, இந்தப் புலி கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் சிக்கி லண்டனுக்குப் போனது. 1808 முதல் கம்பெனி மாளிகையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கைப்பிடியைச் சுழற்ற, பக்கத்தில் அமர்ந்து படித்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்களாம். 1880 முதல் அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கூரை இடிந்து விழுந்து பல துண்டுகளான பின்னும் ஒட்டவைத்து மீட்டார்கள்.

புலிக்குச் சொந்தக்காரரின் பெயர் உலகுக்குத் தெரியும். புலியைக் கைப்பற்றியவர்களின் பெயரும் தெரியும். அந்த மரத்தைச் செதுக்கிய தச்சரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

அளவில் பெரிய மரப்பொறியைப் பார்க்க நாம் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை. கோயில் தேரே போதும். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்துடன் சுமார் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை என்பர். 1926இல் பழைய தேர் தீப்பட்டு அழிந்தது. புதிய தேர் 1930இல் ஓடியது. இவ்வளவு பெரிய வண்டிக்குத் திருப்புவதற்கென்று ஓர் உறுப்பும் கிடையாது. முட்டுக்கட்டை போடுபவர் ஓடும் சக்கரத்தின் அருகிலேயே நடந்து, ஆப்பு வடிவான மரக்கட்டையை எந்தச் சக்கரத்துக்கு அடியில், எந்தக் கணத்தில், எந்தச் சாய்வில் செருக வேண்டும் என்று பார்த்துச் செருகுகிறார். தேர் மெல்லத் திரும்புகிறது. பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தின் உதவியோடு இரும்புச் சக்கரங்களும் நீரழுத்தத் தடைகளும் பொருத்தப்பட்டன. ஆயினும் முட்டுக்கட்டைக்காரரின் கண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அந்தக் கண்ணின் அறிவை எந்தச் சுவடியில் தேடுவது?

எழுதி வைக்காத அறிவை மீட்க ஒரு வழிதான் உண்டு. பொருளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு (1893 - 1974) அந்த வழியில் போனவர். ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். ஓட்டி மகிழ்ந்ததோடு நில்லாமல் அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டினார். பிற்காலத்தில் பேருந்து நிறுவனமும் மின்சவரக் கருவியும் பிறந்தது அந்தக் கழற்றலில் இருந்துதான். கடிகாரத்தைக் கழற்றிய பிள்ளையை அடிக்கும் பெற்றோர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பூட்டத் தெரியாமல் விழிக்கும்போது அடிக்கலாம் என்று சொல்வதற்கும் நமக்கு மனம் வரவில்லை.

இனி மலாயாவுக்கு வருவோம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுபோய் லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டப் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பாலெடுக்கும் முறையைப் பரப்பினார். 1890களின் பிற்பகுதியில் மலாக்காவில் டான் சே யான் பெரிய அளவில் நட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி பெருகவே, நெகிரி செம்பிலானிலும் காடுகள் அழிந்து நிரை நிரையாகப் பால்மரங்கள் எழுந்தன. பால் வெட்ட நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள்.

அவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் சிறுதேர் இருந்திருக்காது. ஆனால் எப்படிச் செய்வது என்ற நினைவு இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளி என்றால் பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர். விளையாட்டுச் சாமான் வாங்கித் தர யாரும் இல்லை. ஆகவே பிள்ளைகள் தாங்களே செய்துகொண்டார்கள். காலிப் பால்டின் உருளையாயிற்று. சார்டின் டின்னுக்குத் தேய்ந்த சிலிப்பரில் வெட்டிய வட்டங்கள் சக்கரமாயின. பலகைத் துண்டுக்கு அடியில் பழைய பேரிங்கைப் பொருத்தி லயத்துச் சரிவில் ஏறி உட்கார்ந்து போனார்கள். முழங்காலில் தழும்பு இல்லாத தோட்டப் பையனைக் காண்பது அரிது.

பம்பரம் இருந்தது. பக்கத்துக் கம்பத்து மலாய்ச் சிறுவர்களிடம் காசிங் இருந்தது. இரண்டும் ஒரே தத்துவம், குணம் வேறு. நம் பம்பரம் கூம்பு வடிவம், அடியில் ஆணி. சாட்டையைச் சுற்றி வீசினால் தரையில் குத்தி நிற்கும். காசிங் தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். எடையை நடுவில் வைக்காமல் விளிம்பில் வைத்தால் சுழற்சி நெடுநேரம் நீடிக்கும் என்பதை அந்த வடிவமே சொல்கிறது. கிளந்தானில் நேரப் போட்டிக்கென்று செய்யும் காசிங் 5 கிலோ வரை எடை கொண்டது. ஒரு மணி நேரத்துக்கு மேலும் சுழலும். இயற்பியல் பாடத்தில் திணறும் மாணவர்களுக்கு இந்த இரண்டையும் அருகருகே சுழற்றிக் காட்டினால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

சரி, மரத்துக்கு வருவோம். தோட்டத்தைச் சுற்றி எங்கும் மரம். ஆனால் பால்மரத்தின் கட்டையை யாரும் மதிக்கவில்லை. 25 அல்லது 30 ஆண்டு பால் கொடுத்த பின் மரத்தைச் சாய்ப்பார்கள். சாய்ந்த மரம் அடுப்புக்குப் போகும். ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் போகும். செங்கல் சூளைக்குப் போகும். 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறை மலாயவாத்தா இரும்பாலைக்கு இந்தக் கட்டையிலிருந்து எடுத்த கரிதான் எரிபொருள். நம் நாட்டு எஃகை உருக்கியதில் பால்மரத்துக்கும் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது.

கட்டையை ஏன் ஒதுக்கினார்கள்? அதில் மாச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய சில நாள்களுக்குள் பூஞ்சை பிடித்து நீலக்கறை ஏறும், வண்டு துளைக்கும். கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தாரும் பிறரும் இதற்கு வழி கண்டார்கள். மரத்தை வெட்டியவுடன் அறுத்து, போராக்ஸ் சார்ந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் கட்டை கெடுவதில்லை. வெளிர் நிறம், மிதமான எடை, இழைப்புளிக்கு எளிதில் வழங்கும் தன்மை. 1980களிலிருந்து மலேசியாவின் மரச்சாமான் ஏற்றுமதியில் பெரும்பகுதி இந்தக் கட்டையால் ஆனது. ஜொகூரின் மூவார் வட்டாரம் அதனால் பெயர் பெற்றது. தாய்லாந்தின் திராங் மாநிலத்தில் 1981இல் தொடங்கிய பிளான் டாய்ஸ் என்ற நிறுவனம் பால் வற்றிய ரப்பர் மரத்தில் குழந்தைகளுக்கான பொம்மைகள் செய்து உலகெங்கும் விற்கிறது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ரப்பர்ப் பால் கட்டையில் இல்லை, பட்டையில் இருக்கிறது. கத்தி ஒரு நூலிழை ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம் படும். ஆறும்போது முண்டு முண்டாக வீங்கும். மரத்தில் காயம் கண்டால் கங்காணி வைவார் என்பதை நம் தாய்மார்களும் தந்தைமார்களும் நன்கு அறிவார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், விடியுமுன், ஒரு நாளைக்குச் சில நூறு மரங்களில், கையின் அளவு தவறாமல் சீவியவர்கள் அவர்கள். இன்று ஐரோப்பாவில் ஒரு குழந்தை உருட்டும் வழவழப்பான ரப்பர்மர வண்டியை நினைக்கும்போது, பல ஆண்டுகள் அந்தக் கட்டையில் காயம் படாமல் காத்த கைகளையும் நாம் நினைக்கிறோம். பொம்மையின் அட்டையில் மரத்தின் பெயர் இருக்கும். திப்புவின் புலியைச் செய்த தச்சருக்கு நேர்ந்ததுதான் இவர்களுக்கும்.

ஐரோப்பாவைச் சொன்னோம். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர், வீடு கட்டும் வேலை குறைந்துபோன 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அதுதான் பின்னால் லேகோ நிறுவனம் ஆயிற்று. 1960இல் மரப்பொம்மைக் கிடங்கு எரிந்தபின் அந்த நிறுவனம் மரத்தை விட்டுப் பிளாஸ்டிக்கோடு நின்றுவிட்டது. பள்ளிக்கூடங்களும் மரவேலையைக் கண்டுகொண்ட காலம் அது. பின்லாந்து 1866இலேயே கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கியது. சுவீடனின் நேஸ் என்ற ஊரில் ஒட்டோ சலோமோன் ஆசிரியர்களுக்கு மரவேலை கற்பித்தார். காந்தியடிகள் 1937இல் வார்தாவில் கைத்தொழிலை நடுவில் வைத்த ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் சேர்க்கப்பட்டபோது, ஆசிரியர்களில் சிலர் புதுமை என்று எண்ணினார்கள். புதுமை ஒன்றும் இல்லை. வெளியே போயிருந்தது திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

இந்த நூற்றாண்டில் தாமே பொருள் செய்து பார்ப்பது மீண்டும் பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. உக்ரேனின் கீவ் நகரில் 2014இல் தோன்றிய யூகியர்ஸ் நிறுவனம், ஒட்டுப்பலகையை ஒளிக்கற்றையால் வெட்டி, பசையும் ஆணியும் இல்லாமல் பொருத்தும் பற்சக்கர வண்டிகளையும் கடிகாரங்களையும் பெட்டியில் வைத்து விற்கிறது. அவற்றில் பலவற்றை ஓட்டும் விசை எது தெரியுமா? ரப்பர் வளையம்! சிலர் இந்தப் பெட்டிகளைப் பார்த்து, பிறர் வெட்டியதைப் பொருத்துவது ஒரு திறமையா என்று இகழ்வதுண்டு. நாம் அப்படி இகழ மாட்டோம். அந்தப் பெட்டிக்குள் ஒரு படத்தாள் இருக்கிறது. எந்த உறுப்பு எதற்குள் போக வேண்டும் என்று எண் போட்டுச் சொல்கிறது. அல்-ஜஸரி செய்ததும் அதைத்தான். நம்மிடம் இல்லாமல் போனதும் அதுதான்.

அவசரம் என்று முதலில் சொன்னோம் அல்லவா? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கத் தொழிலாளர்களே பணம் சேர்த்து நிலம் வாங்க, துன் சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஆயினும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. 1990களிலிருந்து சிரம்பான், நீலாய் சுற்றுவட்டாரத்தில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் கலைந்தன. ஒரே லயத்தில் வாழ்ந்த பத்துக் குடும்பங்கள் பத்து ஊர்களுக்குப் போயின. சில பள்ளிகள் தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு தோட்டம் இல்லாத இடத்தில் நிற்கின்றன. பிள்ளைக்குப் பிள்ளை பார்த்துக் கற்ற வித்தை, பார்க்கப் பக்கத்தில் பிள்ளை இல்லாதபோது நின்றுவிடும். அதை மறைத்து வைக்க யாரும் எண்ணவில்லை. எழுதி வைக்கவும் யாரும் எண்ணவில்லை.

ஆகவே மற்றவற்றை விட்டாலும், ரப்பர்க்கொட்டைக் காற்றாடியின் செய்முறையை இங்கே பதிந்து வைக்கிறோம்.

ரப்பர்க் காய் முற்றி வெயிலில் வெடிக்கும். ஒரு காயில் மூன்று கொட்டை இருக்கும். கறுப்பும் பழுப்புமாகப் புள்ளியுள்ள, கீறல் விழாத கொட்டை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காதில் வைத்து ஆட்டினால் பருப்பு உள்ளே உருள்வது கேட்கும். அத்தகைய உலர்ந்த கொட்டையில் பருப்பை எடுப்பது எளிது. தலைப்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, நேரெதிரே இரண்டு ஓட்டை போட வேண்டும். பக்கவாட்டில் மூன்றாவது ஓட்டை. அந்தக் காலத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் போட்டார்கள். பள்ளியில் ஆசிரியர் கைத்துளைப்பானால் போட்டுக் கொடுப்பது நல்லது. வளைந்த கம்பியை விட்டுப் பருப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். பச்சைப் பருப்பில் நச்சு உண்டு; வாயில் வைக்கக் கூடாது, வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

தென்னை ஈர்க்கைவிடச் சற்றுத் தடித்த மூங்கில் குச்சியை, ஓட்டைக்குள் தடையின்றிச் சுழலும் அளவுக்குச் சீவ வேண்டும். நீளம் சுமார் நான்கு விரற்கடை. நூலின் ஒரு நுனியைப் பக்க ஓட்டை வழியாக உள்ளே விட்டு, தலை ஓட்டை வழியாக வெளியே எடுத்து, குச்சியின் நடுவில் இறுக்கிக் கட்டிவிட்டுக் குச்சியைக் கொட்டைக்குள் செருக வேண்டும். குச்சி தலைவழியே நழுவாமல் இருக்க, கீழ்நுனியில் சிறு மரத்துண்டு ஒன்றைக் குத்தலாம். மேல்நுனியில் ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய மூங்கில் பட்டையை நடுவில் துளையிட்டுக் குறுக்காக இறுக்க வேண்டும். பட்டையின் இரு பக்கமும் சம எடையாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கொட்டை கையில் குதிக்கும். நூலின் வெளிநுனியில் ஒரு குச்சித் துண்டைக் கட்டினால் பிடிக்க வசதி.

பட்டையைக் கையால் சுற்றினால் நூல் உள்ளே போய்க் குச்சியில் சுற்றிக்கொள்ளும். கொட்டையை இடக்கையில் பிடித்து நூலை இழுத்தால் பட்டை விர்ரென்று சுழலும். நூல் முழுவதும் வெளியே வந்த கணத்தில் பிடியைத் தளர்த்த வேண்டும். சுழலும் பட்டை தன் வேகத்தாலேயே நூலை எதிர்ப்பக்கமாக மீண்டும் உள்ளே சுற்றிக்கொள்ளும். மறுபடி இழுக்கலாம். தளர்த்துவதில் ஒரு கணம் பிந்தினால் நூல் அறும். பட்டை மிக இலேசாக இருந்தால் நூல் பாதியில் நின்றுவிடும். அப்படியானால் பட்டையின் இரு நுனியிலும் ஒரே அளவாகச் சிறிது ஒட்டுப்பாலைச் சுற்ற வேண்டும்.